ஊரின் குரல் ஊரிலேயே ஒலிக்கட்டும்

வானொலி என்றதும் பலருக்குப் பாடல்களே நினைவுக்கு வரும். ஆனால், பேச்சை முதன்மையாகக் கொண்ட நிலையங்களும் உள்ளன. செய்தி, வானிலை, சாலை நிலவரம், நேர்காணல், நேயர்களின் தொலைபேசி அழைப்பு என ஓர் ஊரின் நடப்பை அவை நாள்தோறும் பேசுகின்றன. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இயங்கும் 'பிபிசி ரேடியோ லெஸ்டர்' அவற்றுள் ஒன்றாகும். உள்ளூர் வானொலியின் ஒலிபரப்பு நேரத்தைக் குறைப்பது சரியா என்ற கேள்விக்கு, அரை நூற்றாண்டைக் கடந்த அந்நிலையத்தின் வரலாறே விடை தருகிறது.

நாடு முழுவதற்கும் ஒலிபரப்பி வந்த பிபிசி, 1960களில் தனித்தனி நகரங்களுக்கென நிலையங்களை அமைக்க முன்வந்தது. முதலில் எட்டு நிலையங்கள் சோதனை முயற்சியாகத் திட்டமிடப்பட்டன. அவற்றுள் முதலாவதாக 1967ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ரேடியோ லெஸ்டர் ஒலிக்கத் தொடங்கியது. தொடக்கக் காலத்தில் அந்நிலையங்கள் பண்பலையில் மட்டுமே ஒலித்தன. அதற்கேற்ற வானொலிப் பெட்டி அப்போது பலரிடம் இல்லை. எட்டில் ஒன்றான டர்ஹம் நிலையம் 1972இல் மூடப்பட்டது. ஆயினும், லெஸ்டர் நிலையம் வேரூன்றி நின்றது.

அதே 1972ஆம் ஆண்டில் உகாண்டாவின் ஆட்சியாளர் இடி அமின், அந்நாட்டிலிருந்த ஆசியர்களை 90 நாள்களுக்குள் வெளியேறும்படி உத்தரவிட்டார். ஏறத்தாழ 28,000 பேர் பிரிட்டனில் தஞ்சம் புகுந்தனர். லெஸ்டருக்கு வர வேண்டாம் என்று அந்நகர மன்றம் உகாண்டா நாளிதழில் விளம்பரமே கொடுத்தது. இருப்பினும், ஆயிரக்கணக்கானோர் அங்குக் குடியேறினர். நகர மன்றம் தயங்கிய இடத்தில், வானொலி நிலையம் கை நீட்டியது. 1976இல் ஆசியச் சமூகத்திற்கென நாள்தோறும் மாலையில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. அந்தச் சிறு விதையே வளர்ந்து, 1988இல் 'ஏசியன் நெட்வொர்க்' எனப் பெயர் பெற்றது. 2002இல் நாடு தழுவிய சேவையாக உயர்ந்தது. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இன்று லெஸ்டர் மக்களில் 43 விழுக்காட்டினர் ஆசிய வம்சாவளியினர். தன் ஊரில் யார் புதிதாக வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை என்பதை அவ்வூரிலேயே இருப்பவர்தாம் விரைவில் உணர முடியும்.

உள்ளூர் வானொலியின் பயன் இதோடு முடிவதில்லை. பனி பெய்யும் காலையில் எந்தப் பள்ளி மூடப்பட்டுள்ளது, எந்தச் சாலையில் போக்குவரத்து தடைப்பட்டுள்ளது என்பன தேசியச் செய்தியில் இடம்பெறா. ஆனால், அவ்வூர் மக்களுக்கு அவைதாம் அன்றைய முதன்மைச் செய்திகள். 2016இல் லெஸ்டர் சிட்டி காற்பந்துக் குழு இங்கிலாந்தின் பிரிமியர் லீக் வெற்றியாளராகி உலகையே வியக்கவைத்தது. அந்தக் குழு தோல்வியில் துவண்டிருந்த ஆண்டுகளிலும் அதன் ஆட்டங்களைப் பின்தொடர்ந்தது உள்ளூர் வானொலியே.

இத்தகைய நிலையங்களின் நேரத்தைத்தான் பிபிசி குறைத்துள்ளது. 2022இல் அறிவிக்கப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி, வார நாள்களில் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு உள்ளூர் நிலையங்கள் பெரும்பாலும் அண்டை நிலையங்களோடு நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. இதனை எதிர்த்து 2023 மார்ச் மாதத்தில் செய்தியாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர்.

பிபிசியின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. வருவாய் சுருங்கி வருகிறது. இளையோர் கைப்பேசியில் செய்தி படிக்கின்றனர். எனவே, இணையவழி உள்ளூர்ச் செய்திக்குப் பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது அதன் கருத்து. நேரலைக் காற்பந்து வருணனை போன்றவை தொடரும் என்றும் அது உறுதியளித்தது.

எனினும், செய்தி தருவது வேறு, செவிகொடுப்பது வேறு. இணையப் பக்கம் நடந்ததைச் சொல்லும். தனியே வாழும் முதியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துத் தம் குறையைச் சொன்னால், அதைக் கேட்டு நகர மன்ற உறுப்பினரிடம் அதே நிகழ்ச்சியில் விளக்கம் கேட்பது நேரலை வானொலியால்தான் இயலும். மூன்று நான்கு வட்டாரங்களுக்குப் பொதுவான நிகழ்ச்சியில் ஒரு தெருவின் குறைக்கு ஏது நேரம்? மேலும், 1976இல் ஆசியர்களுக்கான நிகழ்ச்சி பிறந்தது மாலை நேரத்தில். இன்றைய ஏற்பாட்டில், அதுபோன்ற புதிய முயற்சிக்கு அந்த நேரத்தில் இடம் கிடைப்பது அரிது.

சிக்கனம் தேவையே. பின்னிரவு நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்வதால் ஊருக்குப் பெரிய இழப்பில்லை. ஆனால், மக்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் மாலைப் பொழுதையாவது அந்தந்த ஊருக்கே திருப்பித் தர வேண்டும். அந்நேரத்தை இளைய அறிவிப்பாளர்களிடம் ஒப்படைத்தால், அந்த ஊரின் அடுத்த தலைமுறையும் வானொலிப் பக்கம் திரும்பும். அடுத்து அந்நகருக்கு வந்து சேரும் புதியவர்களையும் வரவேற்க, அங்கே ஒரு குரல் இருக்கும்.