ஆலங்குளத்திலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம்?

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் சுமார் 525 கிலோமீட்டர். விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கேட்டவுடன், 'அட, இவ்வளவுதானா!' என்றுதான் தோன்றும். ஆனால் ஆலங்குளத்தில் விமானம் ஏற முடியாதே!

நெல்லைக்குத் தனி விமான நிலையம் கிடையாது. 2019 நவம்பரில் பிரிந்த தென்காசி மாவட்டத்துக்கும் கிடையாது. பக்கத்தில் இருப்பது வாகைகுளம். ஆலங்குளத்திலிருந்து நெல்லை 30 கிலோமீட்டர், அங்கிருந்து வாகைகுளம் இன்னொரு 30. பேருந்தில் போகிறவர் பெரும்பாலும் நெல்லை புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, தூத்துக்குடி வண்டி பிடிக்க வேண்டும்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெல்லைக்கு ஒரு மணி நேரம். அடுத்த பேருந்துக்காக அரை மணி. வாகைகுளத்துக்கு முக்கால் மணி. சோதனை, காத்திருப்பு என்று ஒன்றரை மணி. பறப்பது ஒன்றரை மணி. மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டி எடுத்து, அம்பத்தூரோ பெரம்பூரோ போய்ச் சேர இன்னொரு ஒன்றரை மணி. கூட்டினால் ஏழு மணி நேரத்தைத் தொடுகிறது. அதில் வானத்தில் இருப்பது கால் பங்குகூட இல்லை!

2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய நெல்லை - சென்னை வந்தே பாரத் ரயில் சுமார் எட்டு மணி நேரத்தில் போய்விடுகிறது. ஆலங்குளத்திலிருந்து நெல்லை போகும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்பதரை. விமானம் மிச்சப்படுத்துவது இரண்டரை மணி நேரம்தான். ராத்திரி பஸ்ஸில் படுத்துத் தூங்கிப் போகிறவருக்கோ வேலை நாளே வீணாவதில்லை. வணிகவியலில் முதல் வருஷமே சொல்லித் தருவார்கள்: விலை வேறு, மொத்தச் செலவு வேறு என்று. பயண நேரமும் அப்படித்தான்.

அப்படியானால் விமானம் வேண்டாமா? அதுவும் இல்லை. சென்னையில் மளிகைக்கடை நடத்தும் இந்தப் பக்கத்து ஆட்கள் ஏராளம். ராத்திரி பத்து மணிக்கு ஊரிலிருந்து துட்டிச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் போயிருக்கும். ஆம்னி பஸ்ஸில் இடம் கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் காலை விமானம்தான் வழி. எடுப்பதற்குள் அப்பா முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தவிக்கிறவருக்கு, வாகைகுளத்தில் இறங்கிய பிறகு வரும் அந்த 60 கிலோமீட்டர்தான் நீளமானது. வாடகைக் காருக்குப் பணம் இருப்பவர் வந்துவிடுவார். மற்றவர் நெடுஞ்சாலை ஓரம் பஸ்ஸுக்குக் கைகாட்டிக்கொண்டு நிற்பார்.

2025 ஜூலை 26 அன்று வாகைகுளத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. சிறிய ஏடிஆர் விமானங்களுக்கு மட்டுமே போதுமாக இருந்த 1,350 மீட்டர் ஓடுபாதையை, 3 கிலோமீட்டருக்கு மேல் நீட்டும் திட்டம் அது. நல்ல விஷயம்தான். ஜெட் விமானம் வந்தால் பறக்கும் நேரம் இன்னும் இருபது, முப்பது நிமிடம் குறையலாம். ஆனால் ஆலங்குளத்துக்காரருக்கு ஏழு மணி நேரம் ஆறரை ஆகும், அவ்வளவுதான்.

அதைவிடக் குறைந்த செலவில் ஒரு வேலை செய்யலாம். தென்காசியில் புறப்பட்டு பாவூர்சத்திரம், ஆலங்குளம், நெல்லை வழியாக விமான நிலைய வாசல் வரை, விமான நேரத்தைப் பார்த்து ஓடும் அரசுப் பேருந்து. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். இறங்குகிற விமானம் தாமதமானால் அரை மணி காத்திருந்து ஆளை ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.