கொலையும் கொல்லியும் மருந்தும்

நீதிமன்றச் செய்தியை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் உதவி ஆசிரியர்கள் ஒரு முறையாவது தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'கல்பபிள் ஹோமிசைட் நாட் அமவுன்டிங் டு மர்டர்' என்ற தொடர்தான் அது. ஹோமிசைட் என்றாலும் கொலை, மர்டர் என்றாலும் கொலை என்று எழுதினால் மிஞ்சுவது 'கொலையாகாத கொலை'. சட்டத் தமிழ் சற்றுச் சுற்றி வளைத்து, 'கொலைக் குற்றம் ஆகாத, மரணம் விளைவிக்கும் குற்றம்' என்று தப்பித்துக்கொண்டது. இதற்கான தண்டனை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 105ஆம் பிரிவு. எண் மாறியது, மொழிபெயர்ப்பாளரின் சங்கடம் மாறவில்லை.

சங்கடத்துக்குக் காரணம் அந்த 'சைட்'. பஸ்ஸுக்கு வழிவிடச் சொல்லிக் கேட்கும் சைடு அல்ல இது. வெட்டு, வீழ்த்து, கொல் என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லிலிருந்து வந்த விகுதி. முன்னால் எதை ஒட்ட வைக்கிறோமோ அது கொல்லப்படும். தந்தையை ஒட்டினால் பேட்ரிசைட். தாய் என்றால் மேட்ரிசைட். சகோதரன் என்றால் ஃப்ராட்ரிசைட். பச்சிளம் குழந்தை என்றால் இன்ஃபன்டிசைட். 1944இல் போலந்து யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின், இனம் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லை எடுத்து இந்த லத்தீன் வாலோடு முடிந்தார். பிறந்தது ஜெனோசைட். நான்கே ஆண்டுகளில், 1948 டிசம்பரில், ஐ.நா. அதைச் சர்வதேசக் குற்றமாக்கும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு விரைவில் சட்ட அந்தஸ்து கிடைப்பது அபூர்வம்.

இந்த வாலுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. செயலையும் குறிக்கும், செய்தவரையும் குறிக்கும். 1649இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கு மரண தண்டனை விதித்தார்களே, அந்தக் காரியமும் ரெஜிசைட், விதித்தவர்களும் ரெஜிசைடுகள். தமிழ் இப்படிக் குழப்பிக்கொள்வதில்லை. செயல் என்றால் கொலை. கொல்லும் பொருள் என்றால் கொல்லி. இறப்பது மனிதன் என்றால் கொலை. பூச்சி, களை, பூஞ்சை என்றால் கொல்லி. கிருமி என்றால் மட்டும் வடமொழியைத் துணைக்கழைத்து நாசினி. 2020இல் கொரோனா புண்ணியத்தில் கிருமிநாசினி வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது.

ஏற்பாடு கச்சிதமாகத்தான் தெரிகிறது. ஆனால் இரண்டு சொற்களில் மட்டும் தமிழ் தடம் மாறுகிறது. ஒன்றில் கொலை தேவையில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னொன்றில், இருக்கவேண்டிய கொலை காணாமல் போகிறது.

முதல் சொல் சூயிசைட். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீன் திரைக்குப் பின்னால் கொலை ஓரளவு மறைந்துகொண்டது. ஆனால் கூடவே வந்த 'கமிட்' என்ற வினை, குற்றம் இழைப்பதற்கான வினை. இங்கிலாந்தில் 1961 வரை அது குற்றமாகவே இருந்தது. இந்தியாவில் முயன்று பிழைத்தவரை ஓராண்டு வரை சிறையில் தள்ள 309ஆம் பிரிவு இருந்தது. 2017இல் இயற்றப்பட்ட மனநலப் பாதுகாப்புச் சட்டம், அத்தகையவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்றது. புதிய சன்ஹிதாவில் 309 இல்லை. அரசு ஊழியரைப் பணிய வைக்கவோ பணி செய்யவிடாமல் தடுக்கவோ முயல்வது மட்டும் குற்றமாக எஞ்சியிருக்கிறது. 2022 முதல் வேறோர் எண் வந்திருக்கிறது: 14416. தவிப்பவர்கள் பேசுவதற்கான அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவை. அரசாங்கமே 309ஐ விட்டு 14416க்கு வந்துவிட்டது.

செய்தி மொழி இன்னும் வரவில்லை. 'கமிட்' வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் பத்திரிகையாளர்களுக்கு அறிவுறுத்துகிறது. தமிழில் சிக்கல் இன்னும் ஆழம். வினையில் அல்ல, பெயர்ச்சொல்லிலேயே கொலை இருக்கிறது. இறந்தவரே கொலையாளியுமாகிறார். தற்கொலை என்ற சொல்லை அகராதியிலிருந்து யாரும் விரட்ட முடியாது. ஆனால் ஒரு மனிதரின் மரணத்தைச் சொல்லும்போது 'உயிரை மாய்த்துக்கொண்டார்' என்று எழுத முடியும். சில பத்திரிகைகள் எழுதவும் செய்கின்றன. அதற்காக 'உயிர்த் தியாகம்' என்று மகுடம் சூட்டுவதும் கூடாது. அது எதிர்த்திசையில் அதே அளவு ஆபத்து.

இரண்டாவது சொல் பெஸ்டிசைட். புத்தகத்தில் பூச்சிக்கொல்லி. 1968ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் தமிழ்ப் பெயரிலும் அதுதான். வயலில் இறங்கினால் அது மருந்து. 'மருந்து அடிக்கிறோம்' என்பார் தமிழக விவசாயி. 'தவாயி' என்பார் ஹிந்திக்காரர். மிகக் கொடிய நஞ்சுள்ளவற்றின் பொட்டலத்தின் மேல் சிவப்பு முக்கோணமும் மண்டையோடும் போட்டு விஷம் என்று எழுதச் சொல்கிறது விதி. வாங்கிப் போகிறவர் வாயில் அது மருந்தாகவே இருக்கிறது. மருந்து என்றால் குணப்படுத்துவது; வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடியது. கொல்லி அப்படியா?

பிகாரின் சரண் மாவட்டத்தில் 2013 ஜூலையில் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் பூச்சிக்கொல்லி கலந்திருந்ததைத் தடயவியல் சோதனை காட்டியது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்குத் தெளித்துக்கொண்டிருந்த விவசாயிகளும் கூலியாட்களும் அதே நஞ்சைச் சுவாசித்து மடிந்தார்கள். கொல்லி, பூச்சி எது மனிதன் எது என்று பார்ப்பதில்லை.

இந்த இரண்டு சொற்களும் வாலால் மட்டும் உறவினர்கள் அல்ல. கிராமப்புற இந்தியாவில் முதல் சொல்லுக்கு வழிவிடுவது பல நேரம் இரண்டாவது சொல்தான். இலங்கை இதைக் கவனித்தது. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தது. 1995 வாக்கில் உச்சத்தில் இருந்த அந்நாட்டின் தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் சுமார் 70 சதவீதம் குறைந்தது. காப்பாற்றியது சொல் அல்ல, தடைதான். ஆனால் ஒன்றை விஷம் என்று அழைக்கத் துணியாத ஊரில் அதைத் தடை செய்யும் துணிவும் தாமதமாகத்தான் வரும்.

'சைட்' என்று முடிவதெல்லாம் கொல்லும் என்பதில்லை. ஒருங்கே நிகழ்வதைச் சொல்லும் 'கோயின்சைட்' வேறு குடும்பம். விழு என்ற வேரிலிருந்து வந்தது. 'டிசைட்' அதே வெட்டும் குடும்பம்தான், ஆனால் அதில் ரத்தம் இல்லை. தயக்கத்தை வெட்டி எறிந்து முடிவெடுப்பது அது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்பார்களே, அதேதான். மருந்து என்பதா, விஷம் என்பதா? கடைக்காரரும் அதிகாரியும் பத்திரிகையும் டிசைட் செய்யவேண்டிய விஷயம் இது.