வெறுங்குழாயின் முழக்கம்

1955இல் சென்னையில் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தந்த பழைய புல்லட் வண்டிகள் இன்றும் வேப்பம்பட்டுத் தெருக்களில் ஓடுகின்றன. எரிந்த வாயுவிலுள்ள நீராவி உள்ளே குளிர்ந்து தங்குவதால் சைலன்சர் துருப்பிடிக்கும், மாற்றத்தான் வேண்டும். ஆயின், இளைஞர் சிலர் உள்தடுப்புகளற்ற வெறுங்குழாயைப் பொருத்தி, அதன் முழக்கத்தை வலிமையென எண்ணி மகிழ்கின்றனர்.

ஓசையைத் தணிப்பவை அத்தடுப்புகளே. அவை நீங்கினால் சத்தம் பெருகும். கார்புரேட்டரை அதற்கேற்பத் திருத்தாவிடில் காற்று மிகுந்து, பெட்ரோல் குறைந்து, எஞ்சின் சூடேறவும் கூடும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் ஓசையடக்கும் சைலன்சரைக் கட்டாயமாக்கியுள்ளன. ஆகவே, தடுப்புகள் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

தொட்டிற் குழந்தைக்கும் நோயுற்ற முதியவருக்கும் அண்டை வீட்டாரென்ற உரிமை நம்மீது உண்டு. ஃபஜ்ருத் தொழுகைக்குச் செல்லும் வண்டி, தெருவையே அதிரச் செய்யலாமா? சிந்திப்பீர்களாக!