கணக்குக் கேட்டது குற்றமா?

அயலான் சுரண்டினால் உலகறிய வழக்காடலாம். தன் நாட்டு ஆட்சியே பொதுப்பொருளைத் தொலைத்துவிட்டுக் கணக்குக் காட்ட மறுத்தால் எந்த மன்றத்தின் படியேறுவது? பசிபிக்குப் பெருங்கடலின் நடுவே, நிலநடுக்கோட்டிற்குச் சற்றே தெற்கில் கிடக்கும் நவுருத் தீவின் குடிமகன் நெடுங்காலமாக இவ்வினாவோடுதான் வாழ்ந்து வருகின்றான். அவன் நாட்டின் முழுப் பரப்பே 21 சதுரக் கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 12,000. கரையோரச் சாலையில் ஊர்தியில் புறப்பட்டால் அரைமணி நேரத்தில் நாட்டைச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்துவிடலாம். இத்துணைச் சிறிய நாட்டில் ஆட்சியின் வரவு செலவு, ஊர்ப் பொதுக்கிணற்றின் நீர்மட்டம் போல் எவர் கண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டுமன்றோ? தெரியவில்லை. தெரிந்துகொள்ள முற்பட்டவர்கள் முறைமன்றக் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள்.

நவுரு ஏழை நாடு அன்று. அத்தீவின் மேட்டு நிலம் முழுவதும் உயர்ந்த வகைப் பாசுபேட்டுக் கல்லால் ஆனது. பயிருக்கு உரமாகும் பொருள் அது. சிட்னி நகர அலுவலகம் ஒன்றில் கதவு சாத்திக்கொள்ளாதபடி அண்டை கொடுத்திருந்த நவுருக் கல்லை 1900-ஆம் ஆண்டளவில் ஆல்பர்ட்டு எல்லிசு என்பவர் ஆய்ந்து பார்த்தபோதுதான் அதன் அருமை வெளிப்பட்டது. அன்றிலிருந்து தீவின் ஊழ் மாறிற்று. முதலில் செருமானியர், 1914-க்குப் பின் ஆத்திரேலியர், முதல் உலகப் போர் முடிந்ததும் இங்கிலாந்து, ஆத்திரேலியா, நியூசிலாந்து என்னும் மூவரும் கூடிய ஒரு குழு. தம் நாட்டு உழவர்க்கு மலிவாக உரம் கிடைக்கும் பொருட்டு அம்மூவரும் உலக விலைக்குக் குறைவாகவே நவுருக் கல்லுக்கு விலை வைத்தார்கள். ஆத்திரேலியக் கோதுமை வயல்கள் செழித்தன. நவுருவின் மேடு குடைந்தெடுத்த பல்வரிசை போல் கூர்ங்கற்காடாயிற்று. இடையில் சப்பானியர் தீவைப் பிடித்து, 1943-இல் 1,200 பேரைத் திரக்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1946 சனவரி 31 அன்று உயிரோடு மீண்டவர் 737 பேர். அந்நாளையே தேர்ந்து, 1968 சனவரி 31 அன்று நவுரு விடுதலை பெற்றது. அதற்கு முன்னர், குயின்சுலாந்துக் கரையை அடுத்த கர்ட்டிசு தீவில் குடியேறிவிடுங்கள் என்று ஆத்திரேலியா சொன்னபோது, தனி நாட்டினம் என்னும் நிலையை இழக்க ஒப்போம் என்று 1964-இல் மறுத்த மக்கள் அவர்கள். அந்த மறுப்பின் பெருமையை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது.

அயலானிடம் அவர்கள் கணக்குக் கேட்ட முறையும் அத்தகையதே. விடுதலைக்கு முன் தோண்டிப் பாழாக்கிய நிலத்தைச் சீராக்கும் பொறுப்பு யாருடையது என்று ஆராய, கிறித்தோபர் வீரமந்திரியின் தலைமையில் ஓர் உசாவற் குழுவை அமைத்தார்கள். 1989-இல் ஆலந்து நாட்டிலுள்ள உலக முறைமன்றத்தில் ஆத்திரேலியாவின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கை உசாவும் உரிமை தனக்கு உண்டு என்று 1992-இல் அம்மன்றம் சொன்னதும் ஆத்திரேலியா இறங்கி வந்தது. 1993-இல் 10 கோடியே 70 இலக்கம் ஆத்திரேலியத் தாலர் தர ஒப்பி, வழக்கை முடித்துக்கொண்டது. பன்னீராயிரம் பேர்கூட இல்லாத ஒரு நாடு, ஒரு கண்டத்தையே கணக்குக் காட்ட வைத்தது!

அதே 1993-இல் வீட்டுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது?

1970-இல் சுரங்கத் தொழில் நவுருவின் கைக்கு வந்தது. பொறிகளுக்கும் கட்டடங்களுக்குமாக 2 கோடியே 10 இலக்கம் தாலர் கொடுத்து வாங்கினார்கள். அடுத்த பத்தாண்டில் ஆள்வீத வருவாயில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக நவுரு பேசப்பட்டது. கல் தீர்ந்துபோகும் என்பது எவரும் அறிந்ததே. ஆகவே வருங்கால மக்களுக்கென ஒரு பொறுப்பு வைப்பு தொடங்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் அதில் 100 கோடித் தாலருக்கும் மேல் இருந்தது. மெல்போர்ன் நகரில் 52 மாடி 'நவுரு மனை' 1977-இல் எழுந்தது. குவாமிலும் அவாயிலும் விடுதிகளும் கட்டடங்களும் வந்தன. தன் மக்கள் அனைவரையும் சில முறை பறந்தே ஏற்றிச் சென்றுவிடக்கூடிய ஒரு தீவுக்குப் பல போயிங் வானூர்திகள் இருந்தன. அவை பெரும்பாலும் ஆளின்றிப் பறந்தன. 1993-இல் இலண்டனில் இலியனார்தோ தாவின்சியைப் பற்றிய இசைநாடகம் ஒன்றுக்கு நவுருவின் பணம் கொட்டப்பட்டது. முன்னாளில் பாட்டுக்குழு ஒன்றில் பணியாளராயிருந்து, பின்னாளில் நவுருவுக்குப் பொருளறிவுரை சொல்ல வந்த ஒருவரின் ஏற்பாடு அது. நாடகம் சில கிழமைகளிலேயே படுத்துவிட்டது. அயல்நாட்டார் பெயரில், ஆளும் இல்லாமல் அறையும் இல்லாமல், ஓர் அஞ்சற்பெட்டியில் ஏறத்தாழ 400 வைப்பகங்கள் பதியப்பட்ட கூத்தும் அந்தப் பத்தாண்டில்தான் நடந்தது.

பிறகு கடன்காரர் வந்தார்கள். 2004-இல் நவுரு மனை 14 கோடித் தாலருக்கு விலைபோயிற்று. 2005 திசம்பரில் கடைசி வானூர்தியும் பறிபோயிற்று. நவுரு வைப்பகம் நொடித்தது. அதில் தன் உழைப்பைப் போட்டு வைத்திருந்தவன் திரும்ப எடுக்கச் சென்றபோது கையில் ஒன்றும் கிடைக்கவில்லை. அரசுப் பணியாளர்க்குத் திங்கள் கணக்கில் சம்பளம் நின்றது. 100 கோடி எப்போது, யார் ஒப்புதலோடு, எந்த வழியாகக் கரைந்தது என்பதை வரிவரியாகக் காட்டும் கணக்கு ஒன்று மக்கள் கையில் கொடுக்கப்பட்டதா என்றால், இல்லை.

ஏன் கேட்கவில்லை என்று தொலைவிலிருந்து கேட்பது எளிது. நவுருவில் அன்று வருவாய் வரி இல்லை, 2014-இல்தான் வந்தது. மருத்துவமும் கல்வியும் அரசே தந்தது. வரி கொடுப்பவன் கணக்குக் கேட்பான். கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்பவன் கேட்கத் தயங்குவான். வேலை என்றால் பெரும்பாலும் அரசு வேலை. வானொலியும் தொலைக்காட்சியும் அரசினுடையவை. அமைச்சர் ஒருவர்க்குப் பெரியப்பன், இன்னொருவர்க்கு மைத்துனன். காவலர் பக்கத்து வீட்டுக்காரர். கேள்வி கேட்பவன் மறுநாள் காலையில் அதே சாலையில், அதே கடையில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். பெரிய நாட்டில் எதிர்ப்பவன் கூட்டத்தில் மறையலாம். சிறிய தீவில் அவன் பெயரும் அவன் பிள்ளைகளின் பெயரும் அன்று மாலைக்குள் எல்லார்க்கும் தெரிந்துவிடும். பன்னீராயிரம் பேரில் பன்னிருவர் வாய்திறப்பதே வீரம்.

கல் தீர்ந்த நாட்டுக்கு 2001-இல் ஒரு புது வருவாய் கிடைத்தது. புகலிடம் தேடிப் படகில் வந்தவர்களை ஆத்திரேலியா தன் மண்ணில் இறக்காமல் நவுருவில் கொண்டுபோய் அடைத்தது. அதற்குப் பணம் கொடுத்தது. 2008-இல் மூடப்பட்ட தடுப்பகம் 2012-இல் மீண்டும் திறக்கப்பட்டது. சிங்களப் படையின் கொடுமைக்குத் தப்பிக் கடலேறிய ஈழத்தமிழரும் அங்கே அடைக்கப்பட்டார்கள் என்பதால், அத்தீவின் செய்தி தமிழர்க்கு அயற்செய்தி அன்று. அடைபட்டவர்களின் நிலையை எழுதச் செய்தியாளர் எவரும் எளிதில் வந்துவிடாதபடி, 2014 சனவரியில் செய்தியாளர் நுழைவிசைவுக் கட்டணம் 200 தாலரிலிருந்து 8,000 தாலராக உயர்த்தப்பட்டது. இசைவு மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பாது. ஈழத்தமிழனின் குரலை அடைத்த அந்தக் கதவே நவுருக் குடிமகனின் குரலையும் அடைத்தது. கல்லுக்குப் பதில் ஏதிலியரை வைத்துப் பிழைக்கத் தொடங்கிய ஆட்சிக்குத் தலைவன் குடிமகன் அல்லன், பணம் அனுப்பும் கான்பரா.

அவ்வாண்டே நடுவர் பீட்டர் இலா நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். தலைமை நடுவர் செப்ரி ஈம்சு மீண்டும் உள்ளே வரவொட்டாமல் அவருடைய நுழைவிசைவு நீக்கப்பட்டது. ஆட்சியைக் குறைகூறி அயல்நாட்டுச் செய்தியாளரிடம் பேசினார்கள் என்பதற்காக நாடாளுமன்ற உறுப்பினர் மூவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், பின்னர் இருவர். 19 உறுப்பினர் கொண்ட அவையில் ஐவர் வெளியே! அவர்களைத் தேர்ந்தெடுத்த ஊரார்க்கு அவையில் வாயில்லை. 2015-இல் முகநூல் தடுக்கப்பட்டது. அத்தடை 2018 வரை நீடித்தது. பொது அமைதிக்கு ஊறு செய்யும் பேச்சுக்கு ஏழாண்டுச் சிறை என்று 2015 மே திங்களில் ஒரு சட்டப்பிரிவும் சேர்க்கப்பட்டது.

2015 சூன் 16 அன்று மக்கள் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். தள்ளுமுள்ளு நேர்ந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் இசுபிரெண்டு தப்விதோ உட்படப் பத்தொன்பதின்மர் மேல் வழக்குப் பாய்ந்தது. ஆட்சியை எதிர்த்தவர்க்கு அத்தீவில் எவர் வேலை கொடுப்பார்? வழக்குரைஞர்க்குக் கொடுக்கவும் பணமில்லை. அவர்களுள் மூவரின் தண்டனை பற்றிய முறையீடு, 1976-ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி ஆத்திரேலிய உயர் முறைமன்றத்திற்குச் சென்றது. 2017 அக்குத்தோபரில் அம்மன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புரைத்தது. இரண்டு திங்களுக்குள் நவுரு ஆட்சி, எவர்க்கும் சொல்லாமல், அந்த உடன்படிக்கையையே முறிக்கும் அறிவிப்பைக் கொடுத்துவிட்டது! 2018 மார்ச்சில் மேல்முறையீட்டு வழி அடைபட்டது. அடைபட்ட செய்தியை மக்கள் பின்னரே அறிந்தார்கள்.

வழக்கைக் கேட்க ஆட்சியே அமர்த்திய நடுவர் செப்ரி மியூக்கி. வழக்கை எதிர்கொள்வோரின் வழக்குச் செலவுக்கு அரசு பொருள் தருக என்று அவர் ஆணையிட்டார். அரசு தரவில்லை. ஆட்சியின் தலையீட்டால் இவ்வழக்கில் நேர்மையான உசாவல் நடக்கவே வாய்ப்பில்லை என்று கண்டு, 2018 செப்தம்பர் 13 அன்று வழக்கை நிலையாகவே நிறுத்தி வைத்தார். அவர் பணியும் முடித்து வைக்கப்பட்டது. 2019-இல் புது மேல்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பைப் புறந்தள்ளிற்று. வேறொரு நடுவர் முன் வழக்கு மீண்டும் நடந்து, ஆண்டின் இறுதியில் பலர் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். தப்விதோ அதைக் காணவில்லை. அவ்வாண்டு மே திங்களில் புற்றுநோயால் மாண்டார். பத்தொன்பதின்மருள் இருவர் ஆத்திரேலியாவில் புகலிடம் கேட்டார்கள். ஆத்திரேலியாவில் புகலிடம் கேட்டவர்களை நவுருவில் அடைத்தார்கள். நவுருவில் கணக்குக் கேட்டவர்கள் ஆத்திரேலியாவில் புகலிடம் கேட்டார்கள். இதனினும் கொடிய நகைச்சுவையைக் கற்பனை செய்வது அரிது.

ஒன்றைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. 2019 தேர்தலில் அன்றைய குடியரசுத் தலைவர் பாரன் வாகா தம் தொகுதியிலேயே தோற்றார். மக்கள் மறக்கவில்லை என்பதற்கு அது சான்று. முன்னைய வைப்புப் போல் கரைந்துவிடாதபடி 2015-இல் தொடங்கப்பட்ட புது வைப்பின் பொறுப்புக் குழுவில் பணங்கொடுத்த அயல்நாட்டாரின் சார்பாளர்களும் அமர்த்தப்பட்டார்கள். பணம் பாதுகாப்பாய் இருக்கும் என்பதில் நிறைவுதான். ஆனால், அயலான் அருகில் உட்கார்ந்திருந்தால்தான் பெட்டி பூட்டியிருக்கும் என்பது விடுதலை பெற்ற நாட்டுக்கு எத்துணைப் பெரிய தலைக்குனிவு!

2023 அக்குத்தோபர் முதல் குடியரசுத் தலைவராயிருப்பவர் தேவிட்டு அதியாங்கு. அவர் வாகா ஆட்சியில் அமைச்சராயிருந்தவர். 2024 சனவரியில் நவுரு தைவானைக் கைவிட்டுச் சீனாவோடு உறவு பூண்டது. அவ்வாண்டு திசம்பரில் ஆத்திரேலியா ஐந்தாண்டில் 10 கோடித் தாலரும், காவல் பணிக்கு 4 கோடியும் தர உடன்பட்டது. 2025-இல் நவுருக் குடியுரிமையே விலைக்கு வந்தது. தலைக்கு 1,05,000 அமெரிக்கத் தாலர். அவ்வாண்டு ஆகத்துத் திங்களில், தன் நாட்டில் வைத்துக்கொள்ள விரும்பாத அயல்நாட்டாரை நவுருவுக்கு அனுப்ப ஆத்திரேலியா ஓர் உடன்பாடு செய்தது. அதன்படி முதலில் 40 கோடியே 80 இலக்கம் தாலர். பின்னர் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கோடி. கையெழுத்தான அன்று அதன் வாசகம் மக்கள் முன் வைக்கப்படவில்லை.

இனி வரும் அப்பணத்தில் எவ்வளவு வைப்புக்குப் போகும், எவ்வளவு செலவுக்குப் போகும், தணிக்கை செய்தவரின் அறிக்கை எந்த நாளில் நாடாளுமன்றத்திற்கு வரும், அதைப் படித்துப் பேசும் உறுப்பினர் மறுநாளும் உறுப்பினராய் இருப்பாரா? நொடித்த வைப்பகத்தில் தந்தை இழந்த தொகையை இன்னும் தாளில் குறித்து வைத்திருக்கும் நவுரு இளைஞன் இவற்றைத்தான் கேட்கின்றான். அவனுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவன் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறார்கள்.