சேர்வராயன் குகையும் கல்லூரிப் படிப்பும்

சனி, ஞாயிறு இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் நமது கல்லூரி வாலிபர்கள் ஏற்காட்டுக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். தாராளமாய்ப் புறப்படட்டும். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. மேலே போனால் குளிர்ந்த காற்று, ஏரி, படகு, சூடான பஜ்ஜி. இவற்றை அனுபவிக்கக் கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. பகுத்தறிவுக்காரன் சிரிக்கத் தெரியாதவன் என்று யாராவது எண்ணினால் அது தவறு. நாம் சொல்ல வந்த சங்கதி வேறு.

சில நாட்களுக்கு முன் ஒரு வாலிபர் நம்மைப் பார்க்க வந்தார். கல்லூரியில் பௌதிகம் படிப்பவர். நமது பத்திரிகையையும் படிப்பவர். நண்பர்கள் நால்வர், தாய், தகப்பனார், தங்கை ஆகியோருடன் ஒரு வேன் பிடித்து ஏற்காடு போய் வந்த கதையை வெகு உற்சாகமாய்ச் சொன்னார். படகில் ஒருவன் தண்ணீரில் விழப் பார்த்தது, வேனுக்குள் பாட்டு, குரங்கு ஒன்று பழப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது எல்லாம் சொன்னார். நாமும் சிரித்தோம். கடைசியில் சேர்வராயன் கோயிலுக்குப் போய்க் குனிந்து குகைக்குள் நுழைந்து கும்பிட்டு, நின்றுபோன ஒரு அரியர் பேப்பர் தேறவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, விபூதி பூசிக்கொண்டு திரும்பினாராம்.

"தங்கையும் வேண்டிக் கொண்டதா?" என்று கேட்டோம்.

"இல்லை ஐயா, அது வேனிலேயே உட்கார்ந்திருந்தது. தூரம்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"ஒருநாள் ஜாலிக்குப் போனோம், போன இடத்தில் ஒரு கும்பிடு போட்டோம், இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று படித்த வாலிபர்கள் கேட்கிறார்கள். கிராமத்துக் கிழவி கேட்டால் அவளுக்குப் படிப்புக் கொடுக்காத நம்மேல் குற்றம் என்று விட்டுவிடலாம். பௌதிகம் படித்தவர் கேட்டால் விடுவதற்கில்லை. ஆகவே ஒவ்வொன்றாய்க் கணக்குப் பார்ப்போம்.

முதலாவது, குகை. அந்தக் குகை காவேரி ஆறு வரைக்கும் போகிறது என்கிறார்கள். உள்ளே சேர்வராயனுக்குப் பக்கத்தில் காவேரியம்மனும் இருக்கிறாள். சரி, அந்தக் கோயில் இருப்பது சுமார் 5,300 அடி உயரத்தில். காவேரி பிறக்கும் தலைக்காவேரி குடகு மலையில் சுமார் 4,200 அடி உயரத்தில். இடையில் 250 கிலோமீட்டருக்கு மேல் தூரம். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும் என்பதைப் பள்ளிக்கூடம் பார்க்காத பண்ணையாளும் வாய்க்கால் வெட்டும்போது அறிவான். பௌதிகம் படிப்பவரோ தண்ணீர் ஆயிரம் அடி ஏறிவரும் கதைக்குக் கைகூப்புகிறார்! உண்மையான காவேரியைப் பார்க்கவேண்டுமானால் குனிந்து நுழைய வேண்டியதில்லை. அதே சேலம் ஜில்லாவில் மேட்டூருக்குப் போனால் போதும். 1925-ல் தொடங்கி 1934-ல் முடித்த அணை அது. 120 அடிக்கு நிரம்பினால் 93 டி.எம்.சி.க்கு மேல் தண்ணீர் நிற்கும். தஞ்சாவூர் வயலுக்குத் தண்ணீரைக் கணக்காய் அனுப்புவது குகையா, மனிதன் போட்ட மதகா என்று கேட்கின்றோம்.

இந்தப் பழக்கம் கோயிலோடு நிற்பதுமில்லை. ஏற்காட்டை 1842-ல் சர் தாமஸ் மன்றோ கண்டுபிடித்தார் என்று ஊர் சுற்றுவோருக்கான குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். நமது வாலிபரும் அதை ஒப்பித்தார். மன்றோ 1827-லேயே இறந்துபோனவர். செத்துப் பதினைந்து வருஷம் கழித்து ஒருவர் மலையேறி வந்து கண்டுபிடித்தாராம்! அவர் கண்டுபிடிக்குமுன் அங்கே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த மலையாளி ஜனங்கள் மனிதக் கணக்கில் சேர்த்தியில்லையோ? கேள்வி கேட்காமல் ஒன்றை நம்பப் பழகிய மூளை, சாமி சமாச்சாரத்தை மட்டுமல்ல, எதைக் கொடுத்தாலும் விழுங்கும் என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

இரண்டாவது, வரம். சேர்வராயன் அந்த மலையாளி ஜனங்களின் சாமி. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக் கொள்ளும் அவர்கள், வருஷந்தோறும் மே மாதத்தில் அவருக்குத் திருவிழா எடுக்கிறார்கள். அவர்களை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு அந்தச் சாமி செய்தது என்ன? 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். பிறகு துரைமார் தோட்டங்கள் பெருகின. மலைக்கு உரியவர்களில் அனேகர் அத்தோட்டங்களிலேயே கூலியானார்கள். சாமி தடுத்தாரா? பின்னர் மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காக அந்த மலையையே வெட்டி பாக்சைட் மண்ணை லாரி லாரியாய் ஏற்றினார்கள். தன் பெயர் கொண்ட மலையை வெட்டும்போது வாய் திறக்காதவர், அடிவாரத்திலிருந்து வேன் பிடித்து வந்தவரின் அரியர் பேப்பரைத் திருத்தப் போகிறாரா? தன்னையே தினமும் கும்பிடும் மலையாளிப் பிள்ளைகள் எத்தனை பேரை அவர் இதுவரை பட்டதாரியாக்கினார்? அவர்களில் இன்று படித்தவர் இருக்கிறார்களென்றால் அது பள்ளிக்கூடத்தாலும், பழங்குடியினர் என்று சட்டம் கொடுத்த இட ஒதுக்கீட்டாலும் வந்ததேயல்லாமல், குகைக்குள்ளிருந்து வந்ததல்ல.

நிற்க. இவையெல்லாம்கூடப் போகட்டும். தண்ணீர் மேலே ஏறும் என்று ஒருவர் நம்பினால் நஷ்டம் அவர் மார்க்குக்கு. மூன்றாவது விஷயத்தில் நஷ்டம் இன்னொருவருக்கு.

அந்தத் தங்கை நர்சிங் படிக்கும் பெண் என்று பிறகு விசாரித்தறிந்தோம். நாளைக்கு ஊரார் இரத்தத்தையெல்லாம் துடைத்து, பிரசவம் பார்த்து, உயிரைக் காப்பாற்றப் போகிற பெண். அவளுடைய உடம்பில் மாதாமாதம் நடப்பது இயற்கை. அது இல்லாவிட்டால் அண்ணனுமில்லை, கும்பிடுகிற அப்பனுமில்லை. அதற்காக அவளை மலையுச்சியில் ஒரு வேனுக்குள் உட்கார வைத்துவிட்டு ஏழு பேர் இறங்கிப் போகிறார்கள். காற்று வாங்கக்கூட அவள் இறங்கவில்லையாம். குகைக்குள் இருக்கும் காவேரியம்மன் பெண் அல்லவா? பெண் சாமிக்கு எதிரில் பெண் நிற்பது தீட்டு என்றால், தீட்டு உடம்பிலா இருக்கிறது, மூளையிலா?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவளைக் கோயிலில் யாரும் தடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. சபரிமலையிலே 10 வயது முதல் 50 வயது வரையுள்ள பெண்களை வழிமறித்தார்கள். அது செல்லாதென்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்புச் சொன்னார்கள். மறுத்தவர் ஒரு பெண் நீதிபதி! பிறகு 2019-ல் அந்த வழக்கின் கேள்விகள் பெரிய பெஞ்சுக்குப் போயின. அங்கே வழிமறிக்க ஆள் நின்றது, ஆகையால் வழக்காடவாவது முடிந்தது. இங்கே தாய் சொன்னாள், தகப்பன் தலையாட்டினார், பௌதிகம் படித்த அண்ணன் வாயை மூடிக்கொண்டார். வீட்டாரே காவல்காரராய் நின்றால் எந்தக் கோர்ட்டில் பிராது கொடுப்பது?

"வயதான தாயின் மனதை ஏன் புண்படுத்த வேண்டும்?" என்று சிலர் சொல்லக்கூடும். தாய் மனம் புண்படும் என்று யோசித்தவர்கள், வேனுக்குள் தனியாய் இருந்தவளுக்கும் மனம் உண்டென்று ஏன் யோசிக்கவில்லை? நண்பர்கள் நால்வருக்கும் சங்கதி தெரியும்படி அவளை உட்கார வைத்தது மானமா? இந்தத் தாயும் ஒரு காலத்தில் இப்படி எங்கேயோ ஒதுங்கி உட்கார்ந்தவள்தானே! அன்று அவளுக்காகப் பேச ஒரு அண்ணன் இருந்திருந்தால் இன்று மகளை அவள் உட்கார வைத்திருக்க மாட்டாள்.

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே 51-ஏ என்னும் பிரிவில் சேர்த்து விட்டார்கள். நமது வாலிபர் அதையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பார். பரீட்சைக்கு ஒரு மூளை, மலைக்கு ஒரு மூளை என்று இரண்டு வைத்துக்கொள்வதற்கா கல்லூரிச் சம்பளம் கட்டினார் தகப்பனார்?

வாலிபத் தோழர்களே! மலைக்குப் போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. போங்கள், பாடுங்கள், படகு விடுங்கள். அப்பா அம்மாவோடு சண்டை போடுங்கள் என்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை போகும்போது வேன் கதவைத் திறந்து, "வா, இறங்கு" என்று தங்கையைக் கூப்பிடுங்கள். அவள் வரக்கூடாதென்றால் நானும் போகவில்லை என்று அவள் பக்கத்தில் உட்காருங்கள். இதற்குப் பெரிய வீரம் வேண்டாம். கூட்டம் போடவும் வேண்டாம். இதைச் செய்ய முடியாத படிப்பு அரியர் இல்லாமல் தேறினாலும் தேறாத படிப்பே என்போம்.

இதையெல்லாம் அந்த வாலிபரிடமும் நேரில் சொன்னோம். வரும்போது சிரித்துக்கொண்டு வந்தவர், போகும்போது சிரிக்கவில்லை. "தங்கையிடம் பேசுகிறேன் ஐயா" என்று மட்டும் சொன்னார். பேசட்டும். அந்த ஒரு பேச்சு, ஆயிரம் கும்பிடுக்கு மேல்.