வலது இருக்கையின் விலை

விமானி வேலையைப் பணம் கட்டிப் பெறுவதைக் கையூட்டுக்கு இணையாகவும், பழகியவர்களின் பரிந்துரையால் பெறுவதை உழைப்பின் பலனாகவும் கருதும் மனப்போக்கு விமானிகளிடையே வேரூன்றியிருக்கிறது. இதில் முதல் பாதி பெரும்பாலும் சரி, இரண்டாம் பாதியைத்தான் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தம் பயிற்சிக்குத் தாமே செலவிடுவதில் தவறில்லை. குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதியாகிய டைப் ரேட்டிங்கை அமெரிக்க விமான நிறுவனமான சவுத்வெஸ்ட் நெடுங்காலம் வேலைக்கு முன்நிபந்தனையாக வைத்திருந்தது. போயிங் 737க்கான அத்தகுதியைச் சொந்தச் செலவில் பெற்றவர்களும் ஊதியம் வாங்கும் விமானிகளாகவே அங்கே சேர்ந்தனர். 1990களில் அமெரிக்க வட்டார விமான நிறுவனங்கள் சிலவற்றில் நிலவி, பின்னர் ஐரோப்பாவிலும் ‘பே டு ஃப்ளை’ என்ற பெயரில் தலைகாட்டிய வழக்கமோ வேறு: பயணச்சீட்டு வாங்கிய பயணிகள் பின்னால் அமர்ந்திருக்க, வலது இருக்கையிலிருக்கும் துணை விமானியும் தம் பறப்பு மணிகளுக்காக நிறுவனத்துக்குப் பணம் கட்டுகிறார். ஊதியத்துக்கு அங்கே அமர வேண்டிய ஒருவர் வேலையின்றி வெளியே நிற்பது ஒரு தீங்கு என்றால், அதனினும் பெரிய தீங்கு விமானி அறைக்குள்ளேயே நேர்கிறது.

தரையிறங்கும் பாதையில் 500 அடிக்கு வந்த பிறகும் வேகம் தணியாமல், இறக்கையின் ஃப்ளாப் மடல்கள் உரிய அளவு விரியாமல் இருந்தால், ‘கோ அரவுண்ட்’ என்று, அதாவது இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலேறும்படி, குரல் கொடுப்பது துணை விமானியின் கடமை. கேப்டன் முகம் சுளித்தாலும் தமக்கு இழப்பு வராது என்ற உறுதி உள்ளவருக்கே அந்தச் சொல் தயங்காமல் வரும். கடன் வாங்கிக் கட்டிய பணத்துக்கு ஈடாக மணிகளைச் சேர்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த உறுதி எங்கிருந்து வரும்? நிறுவனத்தின் நிலையும் இதே அளவு கோணலானது, ஏனெனில் பணம் கட்டியவரைத் தேர்வில் தவறச் செய்வது அதற்கு வருவாய் இழப்பாகிறது.

2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து நொறுங்கியதில், விமானத்திலிருந்த 49 பேரும் தரையிலிருந்த ஒருவரும் உயிரிழந்தனர். இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் நிலையாகிய ஸ்டால் நெருங்குவதை உணர்த்த ஸ்டிக் ஷேக்கர் கட்டுப்பாட்டுத் தண்டை அதிரச் செய்தபோது, மூக்கைத் தாழ்த்தியிருக்க வேண்டிய கேப்டன் தண்டைப் பின்னுக்கு இழுத்தார். அவர் முன்பு பணம் கட்டி வலது இருக்கையில் மணிகளைச் சேர்த்தவர். விசாரணை அதை விபத்துக்குக் காரணமாகக் கூறவில்லை, அப்படிக் கூறியதாக எழுதுவது நேர்மையுமாகாது. எனினும் தம் பழைய தேர்வுத் தோல்விகள் அனைத்தையும் அவர் வேலை விண்ணப்பத்தில் தெரிவிக்கவில்லை என்பது அவ்விசாரணையில் வெளிவந்தது. இவ்விபத்தை அடுத்து அமெரிக்காவில் 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி தேவைப்படுகிறது, ஆனால் மணிகளின் எண்ணிக்கை அவை எவ்வகையில் சேர்ந்தன என்பதைச் சொல்லிவிடாது.

இனி, பழக்கம். ஒரே விமானி அறையில் பல மணி நேரம் உடனிருந்தவர் தரும் சாட்சியத்தில் எந்தத் தேர்வும் காட்டாத உண்மை உண்டு, சொல்பவரின் பெயரும் அதில் பணயமாகிறது; அந்த அளவில் பரிந்துரை பணத்தைவிட மேலானது. ஆயினும் பரிந்துரை வட்டம் தன்னைப் போன்றவர்களையே உள்ளிழுக்கும் இயல்புடையது. கொலராடோவில் பறப்புப் பயிற்றுநராக இருந்த எமிலி ஹோவெல் வார்னர் 7,000 மணிக்கும் மேல் பறந்தவர். அவர் கற்றுக்கொடுத்த ஆண் மாணவர்கள் விமான நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்துகொண்டிருக்க, ஃபிரான்டியர் ஏர்லைன்ஸ் அவரை 1973 வரை காக்கவைத்தது. அவரிடம் திறமைக்கோ, அதை அறிந்தவர்களுக்கோ குறைவிருக்கவில்லை. அறிந்தவர்களின் சொல் ஒரு பெண்ணுக்காக எடுபடும் காலம்தான் வரவில்லை.

ஆகவே பரிந்துரை விண்ணப்பதாரரை நேர்முகத்தின் வாசல்வரை கொண்டுவரலாம், அதன்பின் சிமுலேட்டர் தேர்வு எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். விண்ணப்பதாரரோடு தாம் எந்த ரக விமானத்தில், எத்தனை மணி, எந்த ஆண்டில் பறந்தார் என்பதைக் குறிப்பிடாமல் நற்குணத்தை மட்டும் போற்றும் கடிதத்தை, அதை எழுதியவர் எவ்வளவு மூத்த கேப்டனாயினும், நியமனக் குழு திருப்பி அனுப்பிவிடுவதே முறை.