பள்ளிக்குப் போக மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில் இருக்கிறது நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் அந்த ஊரைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர் சில நாட்களாகப் பள்ளிக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று வீட்டில் அவர் சொல்லவும் இல்லை. பள்ளியிலிருந்து கூப்பிட்டு விசாரித்த பிறகுதான், உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் சிலர் தொடர்ந்து துன்புறுத்தி வந்தது தெரிந்தது. ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

வெட்டு விழுந்த இரவைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதற்கு முந்தைய நாட்களைப் பற்றித்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை. வாயால் சொல்ல முடியாததை அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் இருந்து சொன்னார். காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, ராத்திரித் தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, திடீரென்று சரியும் மதிப்பெண், தம்பி தங்கையிடம் காரணமில்லாத எரிச்சல் என எல்லாமே அதே வகைப் பேச்சுதான். இதை நம் வீடுகளில் சோம்பல் என்கிறோம், செல்போன் கேடு என்கிறோம். சில நேரம் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "வகுப்பில் உன்னை யாராவது ஏதாவது சொன்னாங்களா மக்களே?" என்பதுதான்.

"அதெல்லாம் நெல்லைப் பக்கம், நம்ம மாவட்டத்தில் கிடையாது" என்று சொல்வோர் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். குமரி மாவட்டத்திலோ நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். ஆகவே இங்கே பல வகுப்பறைகளில் நம் பிள்ளை ஒற்றை ஆள், அல்லது இரண்டு பேரில் ஒருவர். அரிவாள் வராமல் இருக்கலாம், சொல் வருகிறது. உதவித்தொகைப் படிவம் வந்ததும் "எஸ்.சி. பிள்ளைங்க எழுந்து நில்லுங்க" என்ற ஒரு வாசகம் போதும். அரசுப் பதிவேடுகளில் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பேருந்து நிறுத்தத்தில் அந்தச் சொல் இன்னும் இறங்கவில்லை. பக்கத்தில் பகிர்ந்துகொள்ள ஆளில்லாத பிள்ளைக்கு இந்தச் சின்னச் சின்ன அடிகள் உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும்.

மாணவர்களுக்குக் கோபத்தை அடக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நாங்குநேரியில் கோபத்தை அடக்கத் தெரியாமல் போனது யாருக்கு? தன்னைப் பற்றிப் புகார் சொல்லிவிட்டான் என்பதைத் தாங்க முடியாமல் அரிவாள் எடுத்தவர்களும் பள்ளி மாணவர்களே. உணர்ச்சிப் பாடம் அவர்களுக்குத்தான் அவசரம். "நமக்கு எதுக்கு வம்பு, சகிச்சுக்கோ" என்று நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதோ அடக்கம் ஆகாது. அது வெறும் விழுங்கல். விழுங்கியது வயிற்றுவலியாகத் திரும்பி வருகிறது.

மாணவர்களிடம் நேராகவே சொல்கிறோம். வசை காதில் விழுந்ததும் நெஞ்சு படபடப்பது, கை நடுங்குவது, கண் கலங்குவது கோழைத்தனம் அல்ல. ஆபத்து என்று உடம்பு அடிக்கும் மணி அது. அந்த நிமிடத்தில் பதில் சொல்லாமல் இடத்தை விட்டு நகருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். பத்துப் பதினைந்து முறை செய்தால் படபடப்பு தணியும். அமைதி வந்த பிறகு, நடந்ததை எழுதி வையுங்கள்: தேதி, நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் நின்றவர் யார். எழுதினால் பாரம் குறையும். அதோடு, நாளைக்குப் புகார் என்று வரும்போது அந்த நோட்டு பேசும். வகுப்பில் கோணிப்பை விரித்துத் தனியே உட்காரவைக்கப்பட்டதையும், பள்ளியில் தண்ணீருக்காகக் காத்திருந்ததையும், ஒன்பது வயதில் கோரேகானுக்குப் போகும் வழியில் மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்ததையும் அம்பேத்கர் பல பத்தாண்டுகள் கழித்து விவரம் பிசகாமல் எழுதினார். பிள்ளைக்கு மறந்துவிடும் என்று பெரியவர்கள் நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு அந்தக் குறிப்புகளே சாட்சி.

பிறகு ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். அம்மா, அத்தை, நம்பும் ஆசிரியர் என யாரானாலும் சரி. நேரில் சொல்ல முடியாவிட்டால் மனநல ஆலோசனைக்கு 14416, பள்ளிக்கல்வி உதவிக்கு 14417, குழந்தைகள் உதவிக்கு 1098. பிறர் முன்னிலையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எல்லாவற்றுக்கும் காவல் நிலையம் போக வேண்டியதில்லை. போக முடியும் என்று தெரிந்திருப்பதே முதுகை நிமிர்த்தும்.

ஆனால் சொன்னவருக்குப் பாதுகாப்பு எங்கே? நாங்குநேரி எழுப்பிய பெரிய கேள்வி இதுதான். புகார் சொன்ன பிறகுதானே வெட்டு விழுந்தது! புகாரைக் கேட்பதோடு பள்ளியின் வேலை முடியாது. அன்று மாலை அந்தப் பிள்ளை எப்படி வீடு போகும் என்றும் யோசிக்க வேண்டும். நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஐந்நூறுக்கு மேல் மாணவர்கள் உள்ள பள்ளிகளில் மாணவர் நலனுக்கென்றே ஓர் அலுவலர் வேண்டும், சாதி அடையாளக் கயிறுகள் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. கயிற்றைப் பற்றி நடந்த விவாதத்தில் பாதிகூட அந்த அலுவலரைப் பற்றி நடக்கவில்லை. ஐந்நூறு பேர் இல்லாத கிராமத்துப் பள்ளிப் பிள்ளைக்கு யார் என்பதையும் அரசு சொல்ல வேண்டும்.

வெட்டுப்பட்ட அந்த மாணவர் 2024-இல் பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்தார். அவரைப் பாராட்டுவோம். ஆனால் அந்தத் துணிச்சலை ஒவ்வொரு பிள்ளையிடமும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு புகார்ப் பெட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நம் பெற்றோர் கூலி வேலையை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தாவது போக வேண்டும். பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது, எல்லோர் கண்ணிலும் படாமல் ஒரு பிள்ளை அதில் காகிதம் போட முடியுமா, கடைசியாக எப்போது திறந்தார்கள், சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.